தசை வைத்திருக்கும் பழைய கணக்கு

எங்கள் ஜிம்மில் லேடீஸ் பேட்ச் காலை பத்தரைக்கு. பிள்ளைகளை வேனில் ஏற்றி, மதியச் சாப்பாட்டைச் செய்து மூடிவைத்து, துணியை மிஷினில் போட்டுவிட்டு ஓடிவரும் பெண்களுக்குத் தோதான நேரம். மூன்று வருடமும் சில மாதங்களும் கழித்து அந்தப் படி ஏறிய அன்று பழைய நோட்டையும் எடுத்துப் போயிருந்தேன். கோடு போட்ட இருநூறு பக்க நோட்டு. கடைசியாக எழுதிய பக்கத்தில் ‘டெட்லிஃப்ட் 60 கிலோ, 5 தடவை, 3 செட்’ என்று இருக்கிறது. அடுத்த பக்கம் முழுக்க மூத்தவள் கிரேயானால் கிறுக்கியது. இரண்டாவது பிரசவம், மாமாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை, வீடு மாற்றம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் பயிற்சி நின்றே போயிருந்தது.

“அக்கா, இன்னிக்கு வெறும் பார் மட்டும் போதும்” என்றார் மாஸ்டர். வெறும் பார் என்றால் 20 கிலோ. இரண்டாவது செட்டிலேயே மூச்சு வாங்கியது. தொடை நடுங்கியது. எல்லாம் போயிற்று, மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும் என்றுதான் அன்றிரவு நினைத்தேன். ஆனால் பதினோராவது வாரம் அதே 60 கிலோவை ஐந்து தடவை தூக்கினேன். முதன்முறை அந்த எடைக்கு வந்துசேர எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இது என் தனித் திறமை கிடையாது. பயிற்சியை விட்டுவிட்டுத் திரும்பும் பெரும்பாலோருக்கு நடப்பதுதான். குடும்பப் பொறுப்பில் பயிற்சியை நிறுத்திய ஒவ்வொருவருக்கும், அதிலும் பிள்ளை பெற்றுத் திரும்பும் பெண்களுக்கு, யாராவது இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. திரும்பி வருகிறவர் புதிதாக வருகிறவர் அல்லர். உடம்பு அப்படிக் கருதுவதில்லை. எது போகிறது, எது தங்குகிறது, எது முதலில் திரும்புகிறது என்று தெரிந்துகொண்டால் அந்த முதல் இரண்டு வாரத்தில் மனம் விட்டுப்போகாது.

முதலில் போவது தசை இல்லை, இரத்தத்தின் நீர்ப்பகுதி. தொடர்ந்து பயிற்சி செய்பவரின் உடலில் பிளாஸ்மா கூடுதலாக இருக்கும். அதனால் இதயம் ஒரு துடிப்புக்கு அதிக இரத்தத்தைத் தள்ள முடிகிறது. பயிற்சியை நிறுத்திய சில நாட்களிலேயே அந்தக் கூடுதல் நீர் குறைய ஆரம்பிக்கிறது. அமெரிக்க உடலியங்கியல் ஆய்வாளர் எட்வர்ட் காயிலும் அவருடைய குழுவினரும் 1986இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. நன்கு பயிற்சி பெற்ற ஆண்கள் எட்டுப் பேரை இரண்டு முதல் நான்கு வாரம் பயிற்சி செய்யாமல் இருக்கவைத்தார்கள். அவர்களுடைய இரத்தத்தின் அளவு சுமார் 9 சதவீதம் குறைந்தது. ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் இரத்தமும் 12 சதவீதம் குறைந்தது. பிறகு டெக்ஸ்ட்ரான் கரைசலை இரத்தக்குழாய் வழியாக ஏற்றி, குறைந்த அளவை ஈடுகட்டிப் பார்த்தார்கள். இதயத்தின் திறன் கிட்டத்தட்ட பழைய நிலைக்கு வந்துவிட்டது. இதயத் தசை பலவீனப்படவில்லை. அதற்கு வந்துசேரும் இரத்தம்தான் குறைந்திருந்தது.

முதல் நாள் எனக்கு மூச்சு வாங்கியதில் இதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கும். ஆறுதலான விஷயம், முதலில் போகும் இந்த நீர்தான் முதலில் திரும்பியும் வருகிறது. மறுபடி பயிற்சியைத் தொடங்கிய சில நாட்களிலேயே பிளாஸ்மா கூடத் தொடங்கிவிடும். ‘முதல் வாரத்தைவிட மூன்றாவது வாரம் மூச்சு வாங்குவது குறைந்துவிட்டது’ என்று பலரும் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே காயில் குழு 1984இல் இன்னொரு கணக்கையும் போட்டது. பல வருடம் ஓட்டத்திலும் சைக்கிளிலும் பழகியவர்கள் நிறுத்தியபோது, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு முதல் மூன்று வாரத்தில் 7 சதவீதம் இறங்கியது. எட்டாவது வாரத்தில் 16 சதவீத இறக்கத்தில் வந்து நின்றுவிட்டது, அதற்குக் கீழே போகவில்லை. மூன்று மாதம் சும்மா இருந்த பிறகும், ஒருபோதும் பயிற்சியே செய்யாதவர்களைவிட அவர்கள் மேலேதான் இருந்தார்கள். சேர்த்துவைத்ததில் ஒரு பகுதி கரைகிறது, மீதி அடியில் தங்கிவிடுகிறது.

இனி தசைக்கு வருவோம். இந்த விஷயத்தில் என்னை மிகவும் வியக்கவைத்தது இந்த இடம்தான்.

நம் உடலின் பெரும்பாலான செல் வகைகளுக்கு ஆளுக்கு ஓர் உட்கருதான். எலும்பை அசைக்கும் தசையின் இழை அப்படியில்லை. அது நீளமான ஒரே செல். ஆனால் அதன் விளிம்பு நெடுக நூற்றுக்கணக்கான உட்கருக்கள், நீண்ட இழைகளில் ஆயிரக்கணக்கில்கூட, வரிசையாக அமர்ந்திருக்கும். ஒவ்வோர் உட்கருவுக்கும் சுற்றியுள்ள கொஞ்சம் இடம் பொறுப்பு. ஒரு வி.ஏ.ஓ.வின் கீழ் இத்தனை ஊர் என்பதுபோல. அந்த இடத்துக்கு வேண்டிய புரதத்தைத் தயாரிக்க உத்தரவு போடுவது அந்த உட்கருதான். எடை தூக்கித் தூக்கி இழை பருக்கும்போது இருக்கிற ஆட்களால் சமாளிக்க முடிவதில்லை. அப்போது புது உட்கருக்கள் வந்து சேர்கின்றன. அவற்றைத் தருபவை இழையின் மேல் ஒட்டிக்கொண்டு உறங்கிக்கொண்டிருக்கும் சாட்டிலைட் செல்கள். 1961இல் அலெக்சாண்டர் மௌரோ என்பவர் தவளைத் தசையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது கண்டறிந்தவை.

சரி, பயிற்சியை விட்டதும் இழை மெலிகிறது. கூடுதலாக வந்த அந்த உட்கருக்கள் என்ன ஆகின்றன? அவையும் அழிந்துவிடும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் குண்டர்சன் குழு உயிருள்ள சுண்டெலிகளின் ஒரே தசையை நாள் கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தது. 2010இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: தசைக்குச் சுமை கூடிய ஆறாவது நாளிலேயே உட்கருக்கள் அதிகரிக்கத் தொடங்குகின்றன. இழை பருக்கத் தொடங்குவது ஒன்பதாவது நாள்தான். அதாவது, ஊர் பெரிதாகுமுன்பே அதிகாரி வந்து அமர்ந்துவிடுகிறார். பிறகு நரம்பைத் துண்டித்து அந்தத் தசையை மெலியவைத்தார்கள். இழை சுருங்கியது. உட்கருக்கள் மூன்று மாதம் ஆகியும் இருந்த இடத்திலேயே இருந்தன. சுண்டெலியின் ஆயுளில் மூன்று மாதம் என்பது நீண்ட காலம்.

மறுபடி சுமை வரும்போது அதிகாரிகளைப் புதிதாக நியமிக்க வேண்டியதில்லை, வேலையைத் தொடங்கச் சொன்னால் போதும் என்பது இதிலிருந்து பிறந்த விளக்கம். இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2019இல் வந்த இன்னோர் ஆய்வில், எடை கட்டிய சக்கரத்தை ஓட்டிப் பழகிய சுண்டெலிகள் ஓய்வெடுத்தபோது கூடுதல் உட்கருக்கள் குறைந்தன. விவாதம் தொடர்கிறது. ஆனால் தசையின் நினைவுக்கு உட்கரு மட்டுமே ஆதாரம் இல்லை. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ஆடம் ஷார்பிள்ஸ் குழு 2018இல் எட்டு ஆண்களை ஏழு வாரம் பயிற்சி, ஏழு வாரம் ஓய்வு, மறுபடி ஏழு வாரம் பயிற்சி என்று நடத்தியது. ஒவ்வொரு கட்டத்திலும் தொடைத் தசையில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மரபணுக்களின் மேல் மெத்தில் எனும் சிறு வேதிக் குறிகள் ஒட்டியிருக்கும். சில மரபணுக்களை அடக்கிவைப்பது அவைதான். முதல் பயிற்சியில் கழன்ற குறிகள் சில, தசை பழைய அளவுக்கு மெலிந்த பிறகும் திரும்ப ஒட்டவில்லை. பூட்டைத் திறந்துவிட்டுப் போனவர் சாத்தாமல் போனதுபோல் அந்த மரபணுக்கள் காத்திருந்தன. மறுபயிற்சியில் தசை முதன்முறையைவிட அதிகமாகவே பருத்தது.

வழிமுறை எதுவானாலும் விளைவில் சந்தேகம் இல்லை. 1991இல் ராபர்ட் ஸ்டாரன் குழு சில பெண்களை 20 வாரம் கடுமையான எடைப்பயிற்சி செய்யவைத்து, பிறகு 30 வாரத்துக்கு மேல் நிறுத்தச் சொன்னது. இழைகள் சுருங்கின, ஆனால் பெற்ற பலத்தில் பெரும்பகுதி தங்கியிருந்தது. ஆறே வாரம் திரும்பப் பயிற்சி செய்ததில் விட்டதைப் பிடித்துவிட்டார்கள். பின்லாந்தின் யுவாஸ்கூலா பல்கலைக்கழகத்தில் 2024இல் வந்த ஆய்வு குடும்பஸ்தர்களுக்கு நேரடியாகப் பேசுகிறது. ஒரு குழு 20 வாரம் விடாமல் பயிற்சி செய்தது. இன்னொரு குழு 10 வாரம் செய்து, 10 வாரம் விட்டு, மறுபடி 10 வாரம் செய்தது. கடைசியில் பலத்திலும் தசை அளவிலும் இரண்டு குழுக்களும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றன. விட்டவர்கள் திரும்பி வந்த முதல் ஐந்து வாரத்தில் மளமளவென்று ஏறிவிட்டார்கள். பிள்ளைக்கு அம்மை, வீட்டில் கல்யாணம், ஊரில் கோயில் கொடை என்று இரண்டு மாதம் போய்விட்டதே என்று குமைகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நரம்புகளுக்கும் நினைவு உண்டு. புதிதாக எடை தூக்குகிறவருக்கு முதல் சில வாரங்களில் பலம் ஏறுவது தசை பருத்ததால் அன்று, எந்த இழையை எப்போது இயக்குவது என்று நரம்பு மண்டலம் கற்றுக்கொண்டதால். 1979இல் மோரிடானியும் டெவ்ரீஸும் இதை அளந்து காட்டினார்கள். முதுகை வளைக்காமல் இடுப்பை மடக்கி, பாரைக் காலோடு ஒட்டித் தூக்கும் அந்த டெட்லிஃப்ட் அசைவு என் உடம்பில் அப்படியே இருந்தது. சைக்கிள் ஓட்டக் கற்றவருக்கு மறக்காது என்கிறோமே, அதே கதைதான்.

இவ்வளவு சாதகம் இருக்கும்போது ஏன் திரும்பி வரும் பலர் இரண்டாவது வாரத்தோடு நின்றுவிடுகிறார்கள்? வலி ஒரு காரணம். முதல் நாள் வலி ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் தரையில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சோறு ஊட்ட முடியவில்லை. மாடிப்படி ஏறுவதைவிட இறங்குவது கொடுமையாக இருந்தது. தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கும் அசைவில்தான் இழைகளில் நுண்ணிய சேதம் அதிகம். படி இறங்குவது, பஸ்கியில் கீழே போவது, டம்பெல்லை மெதுவாக இறக்குவது எல்லாம் அந்த வகை. அடுத்து வரும் அழற்சியால் ஓரிரு நாள் கழித்து வலி உச்சத்துக்குப் போகிறது. ‘லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது’ என்று ஜிம்களில் இன்னும் சொல்கிறார்கள். பயிற்சி முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே லாக்டேட் இரத்தத்திலிருந்து போய்விடும், மூன்றாம் நாள் வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியங்கியலாளர் 1902இலேயே இந்தத் தாமத வலியைத் தசைக்குள் நடக்கும் சேதத்தோடு இணைத்து எழுதிவிட்டார்.

இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஒரே ஒருமுறை அந்தச் சேதத்தைச் சந்தித்த தசை, அடுத்தமுறை அதே வேலைக்கு அவ்வளவு வலிப்பதில்லை. இந்தப் பாதுகாப்பு பல வாரம் நீடிக்கும். முதல் தடவை குறைவாகச் செய்தாலும் அது கிடைக்கும். ஆகவே முதல் வாரம் வெறும் பார், இரண்டே செட், அத்தோடு வீட்டுக்குப் போவது சோம்பல் ஆகாது. மாஸ்டர் என்னிடம் சொன்னதன் பின்னால் நூறு வருட அறிவு இருக்கிறது. பழைய நோட்டைப் பார்த்துப் பழைய எடையை முதல் நாளே ஏற்றுவதில் வலியைவிடப் பெரிய அபாயமும் உண்டு. அளவு மீறிச் சிதைந்த தசையின் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். தசை வீங்கி, சிறுநீர் பாலில்லாத தேநீர் நிறத்தில் போனால் அது சாதாரண வலி இல்லை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொரு விஷயத்திலும் அவசரம் கூடாது. தசையை எலும்போடு கட்டும் தசைநாண் தசையின் வேகத்தில் திரும்புவதில்லை. இதற்குச் சான்று அணுகுண்டிலிருந்து வந்தது. 1950களின் நடுவிலிருந்து 1963 வரை நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 எகிறியது, பிறகு படிப்படியாகக் குறைந்தது. எந்த வருடம் எந்தத் திசு உருவானது என்று சொல்லும் முத்திரை அது. டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் குதிகால் நாணில் இந்த முத்திரையைப் படித்தார்கள். நாணின் நடுப்பகுதி ஏறக்குறைய பதினேழு வயதுக்குள் உருவானதோடு சரி, அதன்பின் அநேகமாகப் புதுப்பிக்கப்படவே இல்லை. மீண்டும் பருக்கும் தசை ஆறு வாரத்தில் ‘இன்னும் ஏற்று’ என்று கேட்கும். அதைக் கட்டியிருக்கும் நாணுக்கு மாதங்கள் வேண்டும். திரும்பி வருகிறவர்களுக்குத் தோளிலும் முழங்காலிலும் குதிகாலிலும் வரும் பிடிவாதமான வலிகளில் பல இந்த வேக வித்தியாசத்தில்தான் தொடங்குகின்றன. எனக்கு 40 கிலோவிலிருந்து 50க்குப் போக உடம்பு தயாராக இருந்தபோதும் மாஸ்டர் இரண்டு வாரம் அங்கேயே நிறுத்திவைத்தார். அப்போது கோபம் வந்தது. இப்போது நன்றி சொல்கிறேன்.

பிரசவத்துக்குப் பிறகு திரும்பும் பெண்களுக்கு இதற்கும் முந்தைய கேள்விகள் உண்டு. கர்ப்பத்தில் வயிற்றின் நடுக்கோட்டில் இரு பக்கத் தசைகளும் விலகியிருக்கும். சிலருக்கு அந்த இடைவெளி பல மாதம் மூடுவதில்லை. இடுப்புத் தளத் தசைகள் தளர்ந்திருக்கும். இருமினால், தும்மினால், ஸ்கிப்பிங் ஆடினால் சிறுநீர் கசிவதை எத்தனையோ பெண்கள் யாரிடமும் சொல்லாமல் ஜிம்மையே விட்டுவிடுகிறார்கள். பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அது பரவலானதுதான், ஆனால் பொறுத்துக்கொள்ள வேண்டியது இல்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியில் பெரும்பாலும் நன்கு குறையக்கூடியது. ஓட்டம், குதிப்பு போன்றவற்றுக்குக் குறைந்தது பன்னிரண்டு வாரமாவது காத்திருங்கள் என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சிசேரியன் ஆனவர்கள் டாக்டரிடம் கேட்காமல் எடையைத் தொட வேண்டாம்.

இனி நேரக் கணக்கு. வாரத்தில் ஆறு நாள், ஒரு நாள் மார்பு, ஒரு நாள் முதுகு, ஒரு நாள் கால் என்று அட்டவணை போட்டுக்கொண்டு திரும்புகிறவர்கள் குடும்பத்தோடு மோதி மூன்றாவது வாரம் தோற்கிறார்கள். அந்த அட்டவணை அவர்களுக்குத் தேவையே இல்லை. அலபாமா பல்கலைக்கழகத்தில் 2011இல் வந்த ஆய்வு ஒன்றை ஜிம் சுவரில் ஒட்டிவைக்கலாம். 16 வாரம், வாரம் மூன்று நாள் நன்றாகப் பயிற்சி செய்தவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு முற்றாக விட்டது. இரண்டாவது மூன்றில் ஒரு பங்கு செய்தது. மூன்றாவது ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது வாரம் ஒரே ஒரு நாள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு செட். எடையை மட்டும் குறைக்கவில்லை. 32 வாரம் கழித்துப் பார்த்தால் 20 முதல் 35 வயதுக்காரர்களுக்கு அந்த ஒன்பதில் ஒரு பங்கே தசையைக் காப்பாற்றப் போதுமாக இருந்தது. அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தசை அளவு இறங்கினாலும் பலம் பெரும்பாலும் தங்கியது.

மூச்சு வாங்கவைக்கும் பயிற்சிக்கும் இதே நியாயம் பொருந்துகிறது. 1980களில் ராபர்ட் ஹிக்சன் வரிசையாகச் செய்த ஆய்வுகளில், வாரம் ஆறு நாள் 40 நிமிடம் பழகியவர்கள் நாட்களை இரண்டாகக் குறைத்தாலும் தாங்கினார்கள். நேரத்தை 13 நிமிடமாகக் குறைத்தாலும் தாங்கினார்கள். வேகத்தைக் குறைத்தபோதுதான் இறங்கினார்கள். நேரத்தில் கைவைக்கலாம், கடுமையில் கைவைக்கக்கூடாது. கட்டிக்காப்பதற்கான அளவு இது, வளர்ப்பதற்குக் கொஞ்சம் கூட வேண்டும். நான் செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்துக்கொண்டேன். ஒரு குந்தும் அசைவு, ஒரு தூக்கும் அசைவு, ஒன்று தள்ளுவது, ஒன்று இழுப்பது. உடை மாற்றுவதையும் சேர்த்து முக்கால் மணி நேரம். இவ்வளவில்தான் பதினோரு வாரத்தில் திரும்ப வந்தேன். பிள்ளைகளின் தேர்வுக் காலத்தில் வாரம் ஒரு நாளாக்கிவிடுவேன். பூஜ்யம் ஆக்குவதில்லை.

‘வீட்டு வேலையே பயிற்சிதானே, இதில் ஜிம் எதற்கு’ என்ற கேள்வியை எங்கள் தெருவிலேயே பத்துப் பேர் கேட்டார்கள். இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை. படியில் வேகமாக ஏறுவது, கனமான பையோடு விறுவிறுவென்று நடப்பது எல்லாம் இதயத்துக்கு நல்லது. பிரிட்டனில் உடற்பயிற்சியே செய்யாத 25,000 பேரின் கையில் கருவி கட்டிப் பார்த்த 2022 ஆய்வில், அன்றாட வேலைக்கு நடுவே ஓரிரு நிமிட மூச்சு வாங்கும் அசைவுகள் நாளுக்கு மூன்று தடவை இருந்தவர்களிடம் மரண விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஆனால் தசை வளர அது பழகிய சுமையைத் தாண்டிய சுமை வேண்டும். நிறைந்த சமையல் எரிவாயு சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. பத்து வருடமாக அதையே நகர்த்துகிறோம், அடுத்த மாதம் 32 கிலோவாக வருவதில்லை. தண்ணீர்க் குடமும் அப்படியே. அதோடு அதை இடுப்பின் ஒரே பக்கத்தில் வைத்துத் தூக்குகிறோம்.

நம் ஊரில் தசையை வளர்ப்பதற்கு அழகை மீறிய காரணமும் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு இன்சுலின் தூண்டுதலில் இரத்தத்திலிருந்து இறங்கும் சர்க்கரையில் பெரும்பங்கு போய்ச் சேரும் இடம் தசைதான். வேலை செய்யும் தசை இன்சுலின் இல்லாமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளவும் செய்யும். 2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வில் தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 சதவீதம். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்துபோன பெண்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். அவர்களுக்குத் தசை ஒரு சேமிப்பு.

தூக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்குத் துரோகம் செய்ததாகும். ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகம் 2021இல் காட்டியது: ஒரே ஓர் இரவு முழுக்க விழித்திருந்தாலே தசை புரதம் கட்டும் வேகம் 18 சதவீதம் குறைகிறது. பிள்ளை இரவெல்லாம் அழுத மறுநாள் எடையைக் கூட்டும் நாள் இல்லை. போய் லேசாகச் செய்துவிட்டு வரலாம், வீட்டிலேயே படுத்துத் தூங்கவும் செய்யலாம். சாப்பாட்டில் இட்லியும் சோறும் குறையாமல், கூடவே முட்டை, மீன், சுண்டல், தயிர் என்று மூன்று வேளையிலும் ஏதாவது ஒரு புரதம் இருந்தால் போதும்.

பழக்கம் படிவது பற்றி 21 நாள் கணக்கு ஒன்று எல்லா இடத்திலும் புழங்குகிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் அளவுக்குப் படிய எடுத்த காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை போனது. உடற்பயிற்சியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கங்களைவிட அதிக நாள் பிடித்தது. அதே ஆய்வு சொன்ன இன்னொன்றை அதிகம் பேர் எடுத்துச் சொல்வதில்லை: இடையில் ஒரு நாள் தவறிப்போனது பழக்கம் படிவதைக் குறிப்பிடத்தக்க அளவில் கெடுக்கவில்லை.

ஆனால் பழக்கத்தைப் பற்றிய ஆய்வுகள் தனி மனிதரின் மன உறுதியைப் பேசுகின்றன. எனக்கு மன உறுதி குறைந்து பயிற்சி நிற்கவில்லை. பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்றது. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். அந்த வேலையைச் செய்யும் ஆண்களுக்கு 97 நிமிடம். 2024இல் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட கணக்கில், போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் இந்தியப் பெண்களில் சுமார் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடுப்படியில் ஐந்து மணி நேரம் நிற்கும் பெண் எதற்காகப் ‘போதிய உழைப்பில்லாதவர்’ பட்டியலில் வருகிறார் என்பது எனக்கு உறுத்துகிறது. களைப்பு இருக்கிறது, பயிற்சி இல்லை. அவருக்கு வாரத்தில் இரண்டு நாள் முக்கால் மணி நேரத்தை வீட்டிலுள்ள யாரோ எடுத்துக்கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என் கணவர் தாமதமாக வேலைக்குப் போகிறார். செவ்வாய்க்கிழமை அத்தை.

வயதானால் இதெல்லாம் முடியுமா என்று அத்தையே ஒருநாள் கேட்டார். டல்லாஸ் நகரத்து ஐந்து ஆண்களின் கதையைச் சொன்னேன். 1966இல் இருபது வயதில் அவர்களை ஆய்வுக்காக மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். உடலின் ஆக்சிஜன் திறன் கால்பங்குக்கு மேல் விழுந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப்பிடித்துப் பரிசோதித்தார்கள். உடலின் கொழுப்பு இரண்டு மடங்காகியிருந்தது. ஆனாலும் முப்பது வருட வயது செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம்தான் பெரிதாக இருந்தது. ஐம்பது வயதில் ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று மெதுவாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். இருபது வயதில் படுக்கைக்கு முன்பு இருந்த அளவுக்குத் திரும்பிவிட்டார்கள். அன்று பயிற்சிக்குப் பின் தொட்ட உச்சத்தைத் தொடவில்லை, அது உண்மை. பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் 1990இல் முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதுக்காரர்களுக்கு எட்டு வாரம் கால் எடைப்பயிற்சி கொடுத்தபோது பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது என்பதையும் சொன்னேன்.

அத்தை ஜிம்முக்கு வரவில்லை. நான் செவ்வாய்க்கிழமை கிளம்பும்போது சாப்பாட்டு நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திப் போட்டுக்கொள்கிறார். கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்கார்ந்து, எட்டுத் தடவை. சற்று ஓய்வு, மறுபடி எட்டு. மூன்று மாதத்துக்கு முன்பு மூன்றாவது தடவையிலேயே மேசையைப் பிடிப்பார். எழும்போது மூச்சை அடக்காதீர்கள் என்று மட்டும் நினைவுபடுத்திவிட்டுப் போவேன். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்.